கழுத்துக்குக் கீழே

மேடம்: மழுப்பாமச் சொல்லு. என்னதான் தெரிஞ்சுது?

தோழி: நைட்டி தெரிஞ்சுது.

மேடம்: எவ்வளவு?

தோழி: முழுசா. மேல கறுப்புக் கோட்டு, கழுத்துல முத்து மாலை, கீழ மஞ்சள் நைட்டி. அதுல வாத்து.

மேடம்: வாத்தையுமா பாத்தாங்க?

தோழி: வரிசையாப் போற வாத்த எப்படிப் பாக்காம இருக்கறது? கடைசி வாத்து குடை வேற பிடிச்சிருக்கு.

மேடம்: கடவுளே... பெரியவர்?

தோழி: மேலாளர்னா மீட்டிங்ல கண்ண மூடிட்டா உக்காந்திருப்பார்? அவரும் பாத்தார்.

மேடம்: கேமராவ அணைச்சுட்டேன்னு நெனச்சுத்தான் எழுந்தேன். தண்ணி ஜாடி சாஞ்சு போச்சு. மேசைக்குக் கீழ பூரா ஒயர். தண்ணி அதுல இறங்கியிருந்தா கம்ப்யூட்டரே போயிருக்கும். அவசரத்துல எழுந்து...

தோழி: எழுந்து, ஜாடியப் பிடிச்சு, திரும்பி, துணியத் தேடி, துடைச்சு, இடுப்புல கைய வெச்சு நிமிந்து நின்னு ஒரு பெருமூச்சும் விட்டே. எல்லாம் நேரடி ஒளிபரப்பு.

மேடம்: நீ ஒரு குரல் குடுத்திருக்கக் கூடாதா?

தோழி: குடுத்தேனே. "கேமரா, கேமரா"ன்னு தொண்ட கிழியக் கத்தினேன். பக்கத்து வீட்டம்மா வந்து என்னாச்சுன்னு எட்டிப் பாத்துட்டுப் போனாங்க. நீதான் ஹெட்போனக் கழட்டி வெச்சிருந்தே.

மேடம்: சரி... நைட்டி தெரிஞ்சுது. அப்புறம்?

தோழி: அப்புறம்னா?

மேடம்: நைட்டி மட்டுந்தானா?

தோழி: செருப்பு தெரிஞ்சுது. உன் வீட்டுக்காரர் செருப்பா அது? ரெண்டு படகு மாதிரி இருந்துது.

மேடம்: அவரோடதுதான். என் செருப்பு எதுவும் இப்ப பத்தறதில்ல.

தோழி: ம்.

மேடம்: கால் கொஞ்சம் வீங்கியிருக்கு.

தோழி: ம்.

மேடம்: என்னடி, எல்லாத்துக்கும் ம் போடறே... நீ வாயடைச்சு உக்காந்திருக்கற ஆளா?

தோழி: நீ ஏதாவது பேசுவேன்னு பாத்தேன்.

மேடம்: என்ன பேசறது? மானம் போச்சு. அவ்ளோதான்.

தோழி: நைட்டிக்கா மானம் போகும்? என்னையே எடுத்துக்கோ. இன்னிக்கு மேல நல்ல பூப்போட்ட சட்டை, காதுல தொங்கட்டான். கீழ என் பையனோட விளையாட்டுக் கால்சட்டை. முட்டியில ஓட்டை. நம்ம பில்லிங் அக்கா ஒரு நாள் தவறாம லிப்ஸ்டிக் போட்டுட்டு வராங்களே, அவங்க காலடியில பாத்தா வெந்நீர் பக்கெட். பாதத்த அதுல ஊற வெச்சுட்டுத்தான் கணக்குச் சொல்வாங்களாம். வீட்லேர்ந்து வேலைன்னு வந்த பிறகு நாம எல்லாருமே இடுப்பு வரைக்கும் ஆபீஸ், அதுக்குக் கீழ வீடு.

மேடம்: எனக்கு இடுப்பு வரைக்கும் கூட இல்ல. கழுத்து வரைக்குந்தான்.

தோழி: அது என்ன கணக்கு?

மேடம்: ...

தோழி: மேடம்? லைன்ல இருக்கீங்களா?

மேடம்: பதவி வந்த நாள்லேர்ந்து மேடம் மேடம்னு கிண்டல். ஒரு நிமிஷம் அத விடறியா? நான் ஒண்ணு கேக்கணும்.

தோழி: விட்டுட்டேன். கேளு.

மேடம்: நீ பாத்துட்டேதானே?

தோழி: பாத்தேன்.

மேடம்: ஏழு முடிஞ்சு எட்டாம் மாசம் நடக்குது.

தோழி: சரி.

மேடம்: சரியா? திட்டறதுன்னா திட்டிடு. ரெண்டு பேரும் ஒரே நாள்ல வேலைக்குச் சேந்தோம். என் கல்யாணத்துக்குப் புடவ கட்டி விட்டவ நீ. ஆஸ்பத்திரி வராந்தாவுல என் கையப் பிடிச்சுட்டு உக்காந்திருந்தவளும் நீதான். உன்கிட்ட கூட நான் வாயத் திறக்கல.

தோழி: ஏன்னு கேக்கட்டுமா, வேண்டாமா?

மேடம்: கேளு. கேட்டாத்தான் சொல்ல வரும்.

தோழி: ஏன் சொல்லல?

மேடம்: முதல் தடவை எப்படி இருந்தேன்னு ஞாபகம் இருக்கா? மூணு மாசம் ஆனதுதான் தாமதம், ஊரெல்லாம் சொல்லிட்டேன். ஆபீஸ்ல கேக் வெட்டினோம். நீங்கல்லாம் சேந்து என் நாற்காலிக்கு மெத்தை வாங்கிப் போட்டீங்க. அப்புறம் அது இல்லாமப் போச்சு. அழ வேண்டியத எல்லாம் வீட்லயே அழுது தீத்துட்டோம்னு நெனச்சுத்தான் வேலைக்குத் திரும்பி வந்தேன். லிஃப்ட்ல ஏறினா, கேன்டீன் பொண்ணு... "உள்ள இருக்கற குட்டி என்னக்கா சொல்லுது"ன்னு சிரிச்சுட்டே கேட்டா. அவகிட்டச் சொன்னேன். மேல வந்தா இன்னொருத்தர். அவர்கிட்டயும் சொன்னேன். கேட்டவங்க மேல ஒரு தப்பும் இல்ல. ஆனா ஒவ்வொரு முகமும் சிரிச்சுட்டு வந்து, பாதியில அப்படியே விழும் பாரு... அதப் பாக்கத்தான் முடியல. நானே அவங்களுக்கு ஆறுதல் சொல்வேன். பரவால்ல, பரவால்லன்னு.

தோழி: தெரியும்டா.

மேடம்: இது தெரியாது உனக்கு. எல்லாம் அடங்கி ரொம்ப நாள் ஆன பிறகு, ஒரு காலைல வாட்ச்மேன் கதவத் திறந்து விட்டுட்டு, "பையனாம்மா, பொண்ணாம்மா"ன்னார். லீவுல ஊருக்குப் போயிருந்தவர், யாரும் அவர்கிட்டச் சொல்லல போலிருக்கு. நல்ல மனுஷன். "நல்லா இருக்காங்கண்ணே"ன்னு சொல்லிட்டு உள்ள வந்துட்டேன்.

தோழி: அவர்கிட்டச் சொல்லலையா?

மேடம்: அவருக்குச் சொல்ல அன்னிக்கு எனக்குத் தெம்பு இல்ல. நாள் பூரா உடஞ்ச பார்சலுக்கு மன்னிப்புக் கேக்கற வேலை நமக்கு. "உங்கள் பொருள் வந்து சேராததற்கு வருந்துகிறோம்." அத எத்தன பேருக்கு வேணும்னாலும் சொல்லிடுவேன். இதச் சொல்ல வாய் வரல.

தோழி: ரெண்டாவது தடவை கொஞ்சப் பேருக்குத்தானே சொன்னே.

மேடம்: கொஞ்சப் பேருல நீ ஒருத்தி. வராந்தாவுல நீ என் கையப் பிடிச்சுட்டு அழுத அழுகைக்கு, நர்ஸ் எனக்குக் குடுத்த தண்ணிய நான் உனக்குக் குடுத்தேன். அப்பவே நெனச்சேன்... மறுபடி ஒண்ணு வந்தா இவள இப்படி அழ வைக்கக் கூடாதுன்னு.

தோழி: அது என் அழுகை. அதுக்கு நீ ஏன் பொறுப்பெடுத்துக்கறே?

மேடம்: எடுத்துக்கறேனே, என்ன பண்றது.

தோழி: யாருக்குத்தான் தெரியும்?

மேடம்: அவருக்கு, அம்மாவுக்கு, டாக்டருக்கு. மத்தவங்களுக்கு நான் வெறும் கழுத்தும் தலையும். அதுக்குத்தான் இந்தக் கோட்டே. பொத்தான் போட முடியாமப் போய் ரொம்ப நாளாச்சு. தோள் மட்டும் விறைப்பா நின்னாப் போதும்னு முன்னாடி திறந்தே விட்டுடுவேன். முத்து மாலை கூட எதுக்குன்னு நெனச்சே? பாக்கறவங்க கண்ணு கழுத்தோட நிக்கட்டும்னுதான். மாசம் ஏற ஏற கம்ப்யூட்டருக்கு அடியில ஒரு புத்தகம் சேத்து வெச்சு, கேமராவ மேல ஏத்திட்டே வந்தேன். அகராதி, அட்லஸ், அவரோட சட்டப் புத்தகம், எல்லாம் அடியில கெடக்கு. "நீ படிச்சத விட உன் கம்ப்யூட்டருக்குப் படிப்பு அதிகம்"னு அவர் சிரிக்கிறார்.

தோழி: வெளியில ஒரு இன்ஸ்பெக்டர் மாதிரி, உள்ள ஒரு வாத்துக் கூட்டம்.

மேடம்: வேற எதுவும் உடம்புல ஏற மாட்டேங்குது. அந்த நைட்டி ஒண்ணுதான் தாராளமா இருக்கு. போன மாசம் அந்த உடற்பயிற்சி வகுப்புன்னு வெச்சாங்களே, எல்லாரும் எழுந்து நின்னு கையக் காலை ஆட்டணும்னு. எனக்கு வேர்த்து ஊத்திடுச்சு. கால் சுளுக்குன்னு சொல்ல வாயெடுக்கறதுக்குள்ள, பெரியவரே தனக்கு முட்டி வலி, எல்லாரும் உக்காந்துட்டே பண்ணலாம்னுட்டார். பிழைச்சேன்.

தோழி: ம்... அவருக்கு முட்டி வலிதான்.

மேடம்: இப்ப அதெல்லாம் வீணாப் போச்சு. ஒரு ஜாடித் தண்ணி எல்லாத்தையும் கவுத்துடுச்சு. நான் கட் பண்ணின பிறகு என்ன பேசினாங்க?

தோழி: ஒண்ணும் பேசல. பெரியவர் தொண்டையச் செருமிட்டு, அடுத்தது மழைக்காலப் பேக்கிங்கப் பத்திப் பேசலாம்னார். பேசினோம். முடிச்சோம்.

மேடம்: ஒருத்தர் கூட எதுவும் கேக்கலையா?

தோழி: ஒருத்தர் கூட.

மேடம்: ஒருவேளை அவங்க கவனிக்கலையோ?

தோழி: எட்டாம் மாச வயித்த யாருடி கவனிக்காம விடுவாங்க? அது என்ன மூக்குத்தியா?

மேடம்: அப்ப கோவம்தான். பதவி குடுக்கற நேரத்துலயும் மறைச்சுட்டா பாருன்னு பெரியவர் நெனச்சிருப்பார். அதுவாவது பரவால்ல, ரெண்டு வார்த்தை வாங்கிக்கலாம். நாளைக்குக் கேமராவப் போட்டா எல்லாரும் வாழ்த்து சொல்லுவாங்களே... அதுதான் பயமா இருக்கு. வாங்கிக்கிட்ட வாழ்த்த மறுபடி ஒவ்வொருத்தர்கிட்டயாத் திருப்பிக் குடுக்க வேண்டி வந்துட்டா?

தோழி: இந்தத் தடவை டாக்டர் என்ன சொல்றாங்க?

மேடம்: எல்லாம் நல்லா இருக்குன்னுதான் சொல்றாங்க. ஒவ்வொரு தடவையும் கேட்டுட்டு வரேன். வீட்டுக்கு வரதுக்குள்ள அந்த நம்பிக்கை கரஞ்சு போயிடுது.

தோழி: சாப்பிடறியா? தூங்கறியா?

மேடம்: சாப்பிடறேன். தூக்கம்... இடது பக்கம் படு, இடது பக்கம் படுன்னு அம்மா ஃபோன்லயே காவல் காக்கறாங்க. இரு... இரு, ஒரு நிமிஷம்.

தோழி: என்னாச்சு? ஏய், என்னாச்சு?

மேடம்: ஒண்ணுமில்ல. உதைக்குது. உன் குரல் கேட்டாலே ஆட்டம் போடுது. மீட்டிங்ல நீ பேசற நேரமெல்லாம் இப்படித்தான்.

தோழி: நெஜமாவா?

மேடம்: நெஜமா. பெரியவர் பேசினாத் தூங்கிடும்.

தோழி: ஃபோன வயித்துகிட்ட வை.

மேடம்: எதுக்கு?

தோழி: வைன்னா வையேன். உன்கிட்ட இல்ல, அதுகிட்டப் பேசணும்.

மேடம்: வெச்சுட்டேன். ஸ்பீக்கர்ல போட்டிருக்கேன், பேசு.

தோழி: ஏ குட்டி... நான் உங்கம்மாவோட சிநேகிதி. உனக்குச் சித்தி. உங்கம்மா எதையும் வாயத் திறந்து சொல்ல மாட்டா, எல்லாத்தையும் உள்ளயே வெச்சுப்பா. நீ அவளாட்டம் இருக்காதே. நேரத்துக்கு வா, வந்ததும் வாயத் திறந்து நல்லா அழு. வேற ஒண்ணும் உன்கிட்ட நாங்க கேக்கல. சரியா?

மேடம்: ...

தோழி: ஃபோன எடுத்துட்டியா? அழறியா?

மேடம்: இல்ல. மூக்கு அடைச்சிருக்கு.

தோழி: எனக்கும் மூக்குதான் அடைச்சிருக்கு.

மேடம்: நாளைக்கு நான் என்னத்தடி போட்டுட்டு வந்து உக்காரறது? இனிமே கோட்டு போட்டா சிரிப்பாங்க. போடலன்னா வாழ்த்துவாங்க.

தோழி: உனக்கு எது இடிக்காம இருக்கோ அதப் போடு. யாரும் சிரிக்க மாட்டாங்க. நீயாச் சொல்ற வரைக்கும் யாரும் வாழ்த்தவும் மாட்டாங்க.

மேடம்: அது எப்படி உனக்கு அவ்ளோ நிச்சயமாத் தெரியும்?

தோழி: தெரியும்.

மேடம்: இரு. நீ எதையோ முழுங்கறே. எட்டாம் மாசம்னு சொன்னதும் நீ வீட்டக் கூரையோட தூக்கியிருக்கணும். "சரி"ங்கற. அவங்களும் மழைக்காலப் பேக்கிங்கப் பேசறாங்க. உண்மையச் சொல்லு, உனக்கு முன்னாடியே தெரியுமா?

தோழி: தெரியும்.

மேடம்: அம்மா சொன்னாங்களா?

தோழி: உன் பீரோ சொல்லுச்சு. உன் பின்னாடி நிக்குதே, ஒரு கதவு எப்பவும் சாத்தாமப் பாதி திறந்தே கெடக்கும், அதுல ஆளுயரக் கண்ணாடி. உன் படத்துல நீ உன் கழுத்த மட்டும் பாத்துட்டு இருந்தே. நீ புத்தகத்த அடுக்கிக் கேமராவ ஏத்த ஏத்த, திரையில நீ கீழ போயிட்டே, உன் பீரோ நல்லாத் தெரிய ஆரம்பிச்சுது. பக்கவாட்டுல நீ முழுசா அதுல.

மேடம்: எல்லாருக்குமா?

தோழி: எல்லாருக்கும். அதுவும் நாலாம் மாசத்துலேர்ந்தே. பெரியவர் ஒவ்வொருத்தருக்கா ஃபோன் போட்டு, "அவங்களாச் சொல்ற வரைக்கும் யாரும் கேக்கக் கூடாது, ரெண்டு தடவை பட்டவங்க"ன்னார். அவர் சொல்லலன்னாலும் யாரும் கேட்டிருக்க மாட்டோம். நாங்களும் உன்ன மாதிரியே பயந்துட்டுத்தான் இருந்தோம். தினமும் நீ கேமராவப் போட்டதும் நாங்க யாரும் முதல்ல உன் முகத்தப் பாக்க மாட்டோம்டி. கண்ணாடியத்தான் பாப்போம். வயிறு அப்படியே இருக்குன்னு பாத்து மூச்சு விட்ட பிறகுதான் உனக்கு ஹலோ சொல்லுவோம்.