அம்மன் வைத்த மை

தாய்மார்களே, பக்தியைப் பற்றி இவ்வளவு நேரம் பேசிவிட்டேன். பாதிப் பேர் தலையாட்டுகிறீர்கள். மீதிப் பேர் சுண்டல் வாசனை பிடிக்கிறீர்கள்... பரவாயில்லை, அது வேகட்டும். வேகிற நேரத்துக்குள் ஒரு குட்டிக் கதை சொல்லி முடித்துவிடுகிறேன்.

தென்காசிப் பக்கம் ஒரு ஊர். அங்கேயும் நம்மைப் போலவே ஒரு திருவிளக்கு பூஜைக் குழு. நம்மைப் போலவே என்று ஏன் சொல்கிறேன் என்பது போகப் போகப் புரியும். குழுத் தலைவி ஆவுடையம்மாள். கடைசி வரிசையில் உட்காருகிற ஒருத்தி உலகேஸ்வரி. அவளைக் கோலம் போடக் கூப்பிடுவார்கள், பாட்டுப் பாடக் கூப்பிட மாட்டார்கள்... அப்படி ஒருத்தி. போனைப் பார்த்துப் பார்த்துத் தானாகவே படம் வரையக் கற்றுக்கொண்டவள்.

பூஜை நடக்கிற கூடத்தில் வருஷா வருஷம் ஒரு பிளக்ஸ் கட்டுவார்கள். அதில் ஆவுடையம்மாள் பெரிதாகச் சிரிப்பாள், அம்மன் ஓரத்தில் சின்னதாக நிற்பாள். உலகேஸ்வரி தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"அக்கா, இந்த வருஷம் அம்மனை நான் வரைஞ்சு தாரேன். நல்லா இருந்தா செவுத்துல மாட்டுவோமா?"

தன் கையால் வரைந்த அம்மன் முன்னால் நாலு பேர் விளக்கேற்ற வேண்டும். அவளுக்கு இருந்தது அந்த ஒரு ஆசைதான்.

"வரைட்டி. நல்லா இல்லேன்னா பிளக்ஸுதான்."

ஆரம்பித்தாள். ஆள் உயரத்துக்கு ஒரு பலகை. அதன் மேல் பழைய தினசரி காலண்டர் தாளைக் கிழித்துக் கிழித்து மைதாப் பசையில் ஒட்டினாள். காய்ந்ததும் என்ன செய்தாள் தெரியுமா? முருங்கைக் குச்சியைத் தகர டப்பாவில் அடைத்துச் சுட்டுக் கரியாக்கி, அதைப் பொடித்து, பலகை முழுக்கத் துணியால் தேய்த்தாள். ஒரே கறுப்பு. எட்டிப் பார்த்த ஆவுடையம்மாள் உள்ளேயே வந்துவிட்டாள்.

"ஏட்டி, சாமியக் கரியிலயா போடுவ?"

"இனிமேத்தான் அக்கா சாமி வரும்."

வந்தாள். உலகேஸ்வரி அழி ரப்பரை எடுத்து, வெளிச்சம் வேண்டிய இடத்தில் மட்டும் கரியைத் துடைத்தாள். நெற்றி வந்தது... மூக்கு வந்தது... கண் திறந்தது. நிழல் வேண்டிய இடத்தில் குச்சிக் கரியால் அழுத்தினாள். தன் கல்யாணப் பட்டின் சரிகையை வெட்டி இடுப்பில் ஒட்டினாள். கிரீடத்துக்குத் தங்கத் தாள். இன்னும் ஒரே ஒரு வேலைதான் பாக்கி. கரி உதிராமல் இருக்க மேலே ஒரு மருந்து அடித்துக் காயவிட வேண்டும். புட்டி வந்து சேர்ந்தது வெள்ளிக்கிழமை காலையில், பூஜையன்றே. பலகையையும் புட்டியையும் தூக்கிக்கொண்டு கூடத்துக்கு ஓடினாள்.

ஆவுடையம்மாள் வாசலிலேயே மறித்தாள். "பத்தரைக்கு ராகு காலம். அதுக்குள்ள தீபாராதனை ஆகணும். படத்தை உள்ள வை."

"மருந்து அடிக்கணும் அக்கா. கொஞ்ச நேரம்..."

"சாமி மேல மருந்தா? அம்மன் என்ன கத்தரிச் செடியா, பூச்சி விழுந்திருக்கா?"

எல்லோரும் சிரித்தார்கள். படம் உள்ளே போனது. தீபாராதனை ஆனது. அம்மனைப் பார்த்து எல்லோருக்கும் கண் கலங்கியதும் உண்மை, அதை நான் மறைக்கவில்லை. அப்புறம் நாம் என்ன செய்வோம்? பாதத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வோம், இல்லையா?

ஒற்றிக்கொண்டார்கள்.

முதலில் போனவள் பேச்சியம்மாள். திரும்பினாள்... இரண்டு கண்ணும் கறுப்பு. பக்கத்தில் நின்றவள் பதறவில்லை, கும்பிட்டாள். "மதினி, அம்மனே உங்களுக்கு மை வச்சு விட்டுட்டா."

அவ்வளவுதான். வரிசை வாசலைத் தாண்டியது.

"மதினி, அது கரி... கண்ணு எரியும், கழுவுங்க." உலகேஸ்வரி கெஞ்சினாள்.

"உனக்குக் கிடைக்கலேன்னு வயித்தெரிச்சலாட்டி?"

பாதம் தீர்ந்தது. கைக்குப் போனார்கள். கை தீர்ந்தது. பின்னால் வந்தவர்கள் எக்கி எக்கிக் கன்னத்தைத் தொட்டார்கள். ஆவுடையம்மாள் கண்ணாடி பார்த்தாள். தன் கண்ணைவிடப் பேச்சியம்மாள் கண்ணில் கறுப்பு அதிகம். தலைவிக்குக் குறைவாக இருக்கலாமா? மறுபடியும் போனாள். இந்த முறை நேராக அம்மன் கண்ணிலேயே கை வைத்தாள்.

எல்லாம் முடிந்து நிமிர்ந்து பார்த்தால், பலகையில் ஒரு கிரீடம், ஒரு சரிகை, நடுவில் அழுக்குச் சாம்பல். ஆவுடையம்மாள் கேட்கிறாள்...

"என்னட்டி இது? சாமியவே காணோம். அரைகுறையா வரைஞ்சா கொண்டு வருவ? ஏ, அந்த பிளக்ஸை எடுங்க."

கடைசி வரிசைக்காரி அன்றைக்கு வாயைத் திறந்தாள். "காணாம எங்க அக்கா போகும்? எல்லாருமாத்தானே பங்கு போட்டு மூஞ்சியில வச்சிருக்கீங்க."

பலகையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். சுவரில் பிளக்ஸ் ஏறியது.

இப்போது சொல்லுங்கள்... அவர்களுக்குப் பக்தி இல்லையா? இருந்தது. ஆனால் பார்க்கிற பக்தி இல்லை, பூசிக்கொள்கிற பக்தி. எனக்கு எவ்வளவு, அவளுக்கு எவ்வளவு என்கிற பக்தி. யார் நெற்றியில் குங்குமம் பெரிது, யார் முன்வரிசை, யார் தட்டில் பூ அதிகம்... இதையே பார்க்கிற கண்ணுக்கு அம்மன் எப்படித் தெரிவாள்? சாமி அருளை வாங்கிவிட்டோம் என்று வீட்டுக்குப் போகிறோம். சாமியை அழித்துவிட்டுப் போகிறோம்.

ஏன் சிரிப்பு நின்றுவிட்டது?

இன்றைக்கு ஒன்று செய்யுங்கள். தீபாராதனை ஆனதும் முட்டி மோதிக்கொண்டு ஓடிவராதீர்கள். உட்கார்ந்த இடத்திலிருந்தே ஒரு தடவை நிதானமாகப் பாருங்கள். உங்களுக்குப் பின்னால் ஒருத்தி இருப்பாள்... அவளுக்கும் கொஞ்சம் அம்மன் மிச்சம் இருக்கட்டும்.