டிப்பர் கிளம்பவில்லை

ஏஞ்சல்: இன்னும் இன்னாண்ணா தேடிக்கினு கீறீங்க? டிப்பருக்கு அடியில பூந்து எம்மா நேரமாச்சு!

செங்கேணி: பிரேக்கு மேடம்... காத்து எறங்குற மாதிரி கீது.

ஏஞ்சல்: காத்து மீட்டரை இப்பதானே ரெண்டு பேரும் பாத்தோம்? முள்ளு அசையவே இல்ல.

செங்கேணி: அப்போ பின் லைட்டு...

ஏஞ்சல்: எரியுது.

செங்கேணி: ரிவர்ஸ் ஹாரன்?

ஏஞ்சல்: கத்துது. கிரஷர்ல கீற எல்லாரும் காதப் பொத்திக்கினாங்க.

செங்கேணி: டயரு...

ஏஞ்சல்: புதுசு. அண்ணா, நான் சேஃப்டி கிளாஸ் எடுத்தப்போ கடைசி வரிசையில கொறட்டை வுட்டது நீங்கதானே? இன்னிக்கு இன்னா இம்மாம் அக்கறை?

செங்கேணி: நீதானேமா சொன்ன... வண்டிய சுத்திப் பாக்காம ஏறக்கூடாதுன்னு.

ஏஞ்சல்: சொன்னேன். சுத்திக்கினே இருந்தா தலை சுத்தும்னும் சொல்லணுமா? ஒரு எடத்துல நில்லுங்க. ஓனர் போன் மேல போன் போடறாரு. வாலாஜாபாத்ல எம்-சாண்டுக்கு ஆளுங்க காத்துக்கினு கீறாங்களாம்.

செங்கேணி: வேற வண்டிய அனுப்ப வேண்டியதுதானே!

ஏஞ்சல்: வண்டி கீது. டிரைவர்தான்...

செங்கேணி: ஏன் இல்ல? ஜெகன் எங்க?

ஏஞ்சல்: அவரு வேற கம்பெனிக்குப் போயிட்டாருன்னு ஓனர்...

செங்கேணி: போனானா? அனுப்பிட்டாங்கமா! கிளாஸ்ல நீ இன்னா சொன்ன? தூக்கம் பத்தலன்னா ஓட்டாதீங்க, வந்து சொல்லுங்க, யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்கன்னு. அத நம்பிக்கினு ஓனராண்ட போய்ச் சொன்னான். மறுநாளே சாவிய புடுங்கிட்டாரு.

ஏஞ்சல்: எனக்கு... சத்தியமா தெரியாதுண்ணா.

செங்கேணி: அவன் நடையும் இப்போ என் தலையிலதான். ராத்திரியும் ஓட்டு, பகலும் ஓட்டு. வூட்டுக்குப் போனா புள்ளைங்க பேசறதுகூட எங்கியோ தூரத்துல கேக்குது.

ஏஞ்சல்: அப்போ வண்டியில ஒரு கோளாறும் இல்ல.

செங்கேணி: டயர இன்னொரு தபா பாத்துடறேன்மா.

ஏஞ்சல்: அண்ணா.

செங்கேணி: இல்ல. மெதுவா பேசு.

ஏஞ்சல்: நேத்து இன்னா ஆச்சு?

செங்கேணி: நேத்தா? ஒண்ணும் ஆவலியே. யாரு சொன்னா?

ஏஞ்சல்: நான் கேக்கறேன்.

செங்கேணி: தென்னேரி ஏரிக்கரை வளைவு... கண்ணு மூடினதே தெரியலமா. தொறந்தா, எதுர்ல ஒரு குட்டியானை வண்டி. பின்னால பூரா நடவுக்குப் போற பொம்பளைங்க. கைய ஆட்டிக் கத்துறாங்க... எனக்கு சத்தமே கேக்கல. ஸ்டீரிங்க எப்டி ஒடிச்சேன்னு தெரியல. ஒரு முழம் தள்ளி ஓரமாப் போய் நின்னுச்சு. பொண்டாட்டியாண்டகூட சொல்லல.

ஏஞ்சல்: சாவியக் குடுங்க.

செங்கேணி: ஓனராண்ட பிரேக்குன்னே சொல்லிடுமா. என் பொழப்பு...

ஏஞ்சல்: பிரேக்குன்னா மெக்கானிக்கைக் கூட்டியாந்து பாத்துட்டு, சாயங்காலமே உங்கள ஏத்தி வுடுவாரு. இருங்க... ஹலோ, சார். ஏஞ்சல் பேசறேன். வண்டி போவாது சார்... இல்ல, நல்லாத்தான் கீது. டிரைவர் தூங்கி நாளாச்சு. நான்தான் நிறுத்தினேன்... கத்தாதீங்க சார், கேளுங்க. அவர வேலைய வுட்டு அனுப்பறதா இருந்தா மொதல்ல என்ன அனுப்புங்க. ஜெகனை ஏன் அனுப்பினீங்கன்னு ஆர்டிஓ ஆபீசுல நானே போய்ச் சொல்லிக்கிறேன்... சரி சார். வரேன்.

செங்கேணி: இன்னா... இன்னா சொன்னாரு?

ஏஞ்சல்: உங்கள வூட்டுக்குப் போய்த் தூங்கிட்டு நாளைக்கு வரச் சொன்னாரு.

செங்கேணி: உன்ன?

ஏஞ்சல்: ஆபீஸ் ரூமுக்கு வரச் சொன்னாரு.

செங்கேணி: ஐயோ, உன் வேலை போயிடுமேமா! எனக்காவ நீ ஏன்...

ஏஞ்சல்: உங்களுக்காவ இல்லண்ணா. அந்தக் குட்டியானையில எங்கம்மா இருந்தாங்க. டிப்பர் மூஞ்சியில நம்ம கம்பெனி பேரைப் பாத்துட்டு வந்து, சோறுகூட துன்னாம ஒரே கேள்விதான் கேட்டாங்க... ‘நீ அங்க இன்னாடி சொல்லிக் குடுக்குற?’