நோம்பி மாத்திரை

நாமக்கல் பேருந்தில் என் முன்னிருக்கையில் இருந்த பெண், பக்கத்திலிருந்த மூத்தவளிடம் சொன்னாள்: "மாமியாரே மாத்திரையும் வாங்கிக் குடுத்துட்டு, நான் முழுகாம இருக்கேன்னு அவங்களே ஊரெல்லாம் சொல்லிட்டாங்கக்கா."

"என்ன மாத்திரை சாமி?"

"மாரியம்மன் நோம்பிக்குத் தீட்டு தள்ளிப்போறதுக்கு."

"நிறுத்துனா ரெண்டு மூணு நாள்ல வந்துருமே?"

"வரலீங்க்கா. ஒரு வாரம் பாத்துட்டு, காலைல எந்திரிச்சதும் டெஸ்ட் பண்ணுனேன். ஒரு கோடுதான். மறுவாரமும் ஒரு கோடுதான்."

"ஊட்டுல சொல்லலையா?"

"சொன்னேன். மாமியார் நோம்பில மாரியாத்தாகிட்ட வரம் கேட்டிருந்தாங்களாம். கோடு பொய் சொல்லும், ஆத்தா பொய் சொல்லமாட்டாங்கறாங்க. இன்னைக்கு வேலை செய்யற எடத்துல தீட்டு வந்துருச்சுங்க்கா. ஊட்டுல எங்கம்மா பழத்தட்டோட வந்து உக்காந்திருக்குதாம்."

பேருந்து நின்றது. மூத்தவள், "உன்ற ஸ்டாப்பிங் வந்துருச்சு சாமி" என்றாள்.

அவள் எழவில்லை. பேருந்து கிளம்பிவிட்டது.