சாம்பல் மாளிகையின் நாலாவது முடிவு

எனக்குக் கால் கொஞ்சம் நீளம், சார். உட்கார்ந்தால் இரண்டையும் எங்கே கொண்டுபோய் வைப்பது என்று இந்த வயதிலும் பிடிபடவில்லை. என் கல்யாணத்தில் மாலாவின் கூறைப் புடவையை மிதித்து மணவறையிலேயே கிழித்தவன் நான். நெல்லித்தோப்பில் நான் நடத்தும் பிரவுசிங் சென்டரில் ஒரு நாள் மேசைக்கடியில் காலை நீட்டியபோது அது ஒரு பிளக்கை உதைத்துவிட்டது. ஓரத்துக் கம்ப்யூட்டர் அணைந்தது. அதன் முன்னால் ராஜவேல் உட்கார்ந்திருந்தான்.

விவகாரம் அந்த உதையில்தான் தொடங்கியது. பழியைக் காலின் தலையில் கட்டுகிறேன் என்று நினைக்காதீர்கள். கால் செய்தது அந்த ஒரு வேலைதான். மற்றதெல்லாம் கையும் வாயும் செய்தவை.

ராஜவேலை உங்களுக்குத் தெரியும். தட்டாஞ்சாவடியில் பிளாஸ்டிக் குடம் செய்யும் கம்பெனியில் வேலை பார்த்தவன். வீடு கடலோரக் குப்பத்தில். அப்பா இல்லை. அம்மா அஞ்சலாட்சி கூடையில் மீன் விற்கிறவர். அந்த வருஷம் மாசி மகத்தன்று ஊர்ச் சாமிகளெல்லாம் தீர்த்தவாரிக்கு வைத்திக்குப்பம் கடற்கரைக்கு வந்து நின்ற கூட்டத்தில் அவன் தங்கை தேவிப்பிரியா காணாமல் போனாள். அலையில் இறங்கியதைப் பார்த்தேன் என்றார் ஒருவர். பஸ் ஏறியதைப் பார்த்தேன் என்றார் இன்னொருவர். காணவில்லை என்று நோட்டீஸ் அடிக்க ராஜவேல் என்னிடம்தான் வந்தான். அங்க அடையாளம் என்னப்பா என்று கேட்டேன். இடது கையை நீட்டினான். மணிக்கட்டில் ஒரு மீன், பச்சை குத்தியது. வால் பாதியில் நின்றிருந்தது.

"திருவிழால ரெண்டு பேரும் ஒண்ணா குத்திக்கினோம்ணா. அவ வலி தாங்காம அழுதுகினு பாதியில எழுந்துட்டா. அவ மீனுக்கு வாலு அரைதான். சரி, எனக்கும் அரையே போதும்னுட்டேன்."

அதை அப்படியே டைப் அடித்துக் கொடுத்தேன். அதனால் அந்த மீனை எனக்குத் தெரியாது என்று என்னால் சொல்ல முடியாது.

நோட்டீஸ் ஒட்டி முடித்த பிறகும் அவன் சென்டருக்கு வருவதை நிறுத்தவில்லை. வீட்டுக்குப் போனால் அம்மா முகத்தைப் பார்க்கவேண்டும். எங்கள் சென்டரில் அப்போது பையன்கள் ஒரு பேய் மாளிகை விளையாட்டில் விழுந்து கிடந்தார்கள். அதன் இங்கிலீஷ் பெயர் யார் வாயிலும் நுழையாததால் 'சாம்பல் மாளிகை' என்று நானே பெயர் வைத்திருந்தேன். ஓயாத மழை, கறுப்பு ஏரி, அதன் கரையில் இடிந்த கோட்டை. காணாமல் போன தங்கையைத் தேடி ஒரு அண்ணன் மெழுகுவத்தியோடு அறை அறையாகப் போகிறான். ராஜவேல் அதை ஏன் பிடித்துக்கொண்டான் என்று நான் விளக்கத் தேவையில்லை.

அந்த விளையாட்டுக்கு மூன்று முடிவுகள். மூன்றுக்கும் வழி ஒன்றுதான். தங்கைக்குப் பதிலாக ஒரு புல் பொம்மையை ஏரிக்கரையில் வைத்து அண்ணன் கொளுத்தவேண்டும். கொளுத்திய பிறகு ஒன்றில் அவள் ஆவியாக வந்து போவாள். ஒன்றில் கோட்டை சரியும். ஒன்றில் செத்தவன் அண்ணன்தான் என்று தெரியவரும். விளையாடுவதைவிட இதைப் பற்றி வாதாடுவதுதான் எங்கள் பையன்களுக்குப் பிடித்தமான வேலை. வாதத்துக்குத் தலைவன் சரத்குமார், இன்ஜினியரிங் படிக்கிறவன்.

"அண்ணா, ஹீரோ முதல் சீன்லயே செத்துட்டான். நல்லா பாருங்க, அவனுக்கு நெழலே வுழல."

"அது நம்ம கிராபிக்ஸ் கார்டுடா. அதுல எவனுக்குமே நெழல் வுழாது."

"உங்களாண்ட போயி தியரி பேசினேன் பாருங்க."

நான் பிளக்கை உதைத்த அன்று ராஜவேல் ஏரிக்கரைக்கு வந்திருந்தான். பொம்மையை வைத்தாகிவிட்டது. தீக்குச்சியைக் கிழிக்கவேண்டியதுதான் பாக்கி. திரை கறுத்தது. அத்தனை நாள் ஆடியது எதுவும் சேமிப்பில் நிற்கவில்லை. அவன் கத்தியிருந்தால், நாலு வார்த்தை திட்டியிருந்தால், நான் மன்னிப்புக் கேட்டு டீ வாங்கிக் கொடுத்திருப்பேன். கதை அங்கேயே முடிந்திருக்கும். அவன் திட்டவில்லை. திரும்பிப் பார்த்துக் கேட்டான்.

"நீ முடிச்சிருப்பியேண்ணா. அவ வந்தாளா?"

மூன்று முடிவையும் பார்த்தவன் நான். எதிலும் அவள் உயிரோடு வரவில்லை. ஆனால் அந்த முகத்தைப் பார்த்து அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வாய் வராதபோது எனக்கு விளையாட்டுப் பேச்சு வரும். "நல்லவேளைடா தம்பி. நீ கொளுத்தறதுக்குள்ள நான் எட்டி உதைச்சேன். கொளுத்தினவன் எவனுக்கும் அவ கெடைக்கல. கொளுத்தாதவனுக்குத்தான் நாலாவது முடிவு வரும். ஏரிப் படிக்கட்டுல ஈரப் பாவாடையோட ஏறி வந்து, ஏண்ணா இவ்ளோ நேரம்னு கேப்பா."

அவன் சிரித்தான். மாசி மகத்துக்குப் பிறகு அவன் சிரித்து நான் பார்த்தது அப்போதுதான்.

பக்கத்து நாற்காலியில் சரத்குமார் இருந்ததை நான் கவனிக்கவில்லை. வெளிநாட்டு ரசிகர்கள் கூடும் இணைய மன்றம் ஒன்றில் அவன் அதைப் போட்டுவிட்டான். எவனோ ஒருவன் தன் மாமா பையன் அந்த முடிவைப் பார்த்ததாக எழுதினான். இன்னொருவன் அந்தப் பெண் படியேறும்போது பாடுவாள் என்று சேர்த்தான். நான் அவிழ்த்துவிட்ட புளுகு கடல் கடந்து போய், சாட்சிகளோடு திரும்பி வந்தது. படம் இருந்தால் நன்றாயிருக்கும் என்று பையன்கள் கேட்டார்கள். போட்டோஷாப்பில் ஒன்று செய்து கொடுத்தேன். நன்றாகவே வந்திருந்தது. பிறகு அந்த விளையாட்டைச் செய்தவர்களே மன்றத்துக்கு வந்து, முடிவு மூன்றுதான், நாலாவது கிடையாது என்று எழுதினார்கள். சரத்குமார் வாடிப்போய் வந்து சொன்னான்.

"இருக்கறதாலதானடா இல்லன்னு சொல்ல வந்திருக்கான்" என்றேன். அதையும் ஒரு தியரியாகப் போட்டுவிட்டான்.

ராஜவேல் பொம்மையைக் கொளுத்தாமல் எல்லா அறைகளிலும் திரும்பத் திரும்பத் தேடினான். ஒவ்வொரு சாயங்காலமும் தேடிய இடத்தையெல்லாம் என்னிடம் வந்து சொல்வான். நான் கொஞ்சம் யோசிப்பதுபோல் இருந்துவிட்டு, அடுத்து எங்கே என்று சொல்வேன். மணிக்கூண்டுக்கு மேலே போய்ப் பார். திராட்சை ரசக் கிடங்கில் தண்ணீர் வற்றும்வரை காத்திரு. அவன் சாப்பிட ஆரம்பித்தான். ஷேவ் பண்ணிக்கொண்டு வந்தான். இதில் என்ன தப்பு என்று எனக்கு இப்போதும் முழுதாகத் தெரியவில்லை, சார்.

அடுத்து உங்கள் ஏட்டு கிருஷ்ணசாமி விஷயம். அவர்மேல் குற்றமில்லை. ஸ்டேஷன் பிரின்டர் ரிப்பேர் என்பதால் வெளி மாவட்டங்களிலிருந்து மெயிலில் வரும் அடையாளம் தெரியாத சடலங்களின் படங்களை என்னிடம்தான் பிரின்ட் எடுப்பார். அந்தப் படங்களைப் பார்த்தால் அவருக்குச் சோறு இறங்காது. "நீயே தொறந்து, நீயே தமிழ்ல அடிச்சு வைப்பா, நான் டீ குடிச்சிட்டு வந்துடறேன்" என்று பாஸ்வேர்டையும் கொடுத்திருந்தார். அன்று வந்தது கடலூர்ப் பக்கத்துக் கடற்கரை ஒன்றில் ஒதுங்கிய பெண் உடல். முகத்தைக் கடல் விட்டுவைக்கவில்லை. இடது கை மணல்மேல் நீண்டு கிடந்தது. மணிக்கட்டில் மீன். அரை வால்.

ஓரத்துக் கம்ப்யூட்டரில் ராஜவேல் உட்கார்ந்து கிடங்கில் தண்ணீர் வற்றுவதற்காகக் காத்திருந்தான்.

கல்யாணப் படத்தில் பெண்ணின் கன்னத்திலிருந்து பருவை எடுக்கும் வேலையை நான் தினமும் செய்கிறவன். பக்கத்துத் தோலை எடுத்து மேலே பூசவேண்டும், அவ்வளவுதான். மீன் அதைவிடச் சுலபமாகப் போய்விட்டது. அங்க அடையாளம் என்ற இடத்தில் 'ஏதுமில்லை' என்று அடித்தேன். மூலப் படத்தை அழிக்க மனம் வரவில்லை. தனியாக எடுத்து வைத்துக்கொண்டேன். அதைத்தான் இன்று காலை உங்களிடம் கொடுத்தேன். கிருஷ்ணசாமி டீ குடித்துவிட்டு வந்து, நன்றி சொல்லி, பிரின்டை வாங்கிக்கொண்டு போனார்.

கொஞ்ச நாளைக்குத்தான் என்று நினைத்தேன். பையன் கொஞ்சம் தேறட்டும், பிறகு பக்குவமாகச் சொல்லலாம் என்று. ஆனால் ஸ்டேஷன் பலகையில் படத்தை ஒட்டியதும் யாரோ சொல்லி அஞ்சலாட்சியம்மா பார்க்கப் போயிருக்கிறார். முகத்தைப் பார்க்கவில்லையாம். நேரே கையைத்தான் பார்த்தாராம். அங்கிருந்து கூடையோடு என் சென்டருக்கு வந்தார்.

"என் பொண்ணு இல்ல தம்பி. மீன் இல்ல. யார் பெத்த புள்ளையோ பாவம், நம்ம புள்ள இல்ல" என்று சுவரில் மாட்டியிருந்த முருகன் காலண்டரைப் பார்த்துக் கும்பிட்டார். போகும்போது கூடையில் மிச்சமிருந்த வஞ்சிரத் துண்டுகளைப் பிடிவாதமாக என் மேசையில் வைத்துவிட்டுப் போனார். அன்று எங்கள் வீட்டில் அந்தக் குழம்புதான். முள் எதுவும் தொண்டையில் மாட்டவில்லை.

கேட்பாரில்லை என்று கடலூர்ப் பக்கமே ஒரு இடுகாட்டு ஓரத்தில் உடலைப் புதைத்தார்கள். நான் போனேன். மாலை வாங்கிக்கொண்டு பஸ் ஏறிப் போய், வெட்டியானிடம் இடத்தைக் கேட்டுப் போட்டுவிட்டு வந்தேன். அவளுக்கென்று ஒருவராவது போகவேண்டும் இல்லையா.

ஆவணி பிறந்ததும் குப்பத்துப் பெரியவர்கள் பேச்செடுத்தார்கள். கடலில் போய் உடம்பு கிடைக்காதவர்களுக்குப் புல்லில் உருவம் கட்டி, கரையில் வைத்துக் கொள்ளி போட்டுக் காரியம் செய்வது அங்கே வழக்கம். செய்யாவிட்டால் போன உயிர் அலைந்துகொண்டே இருக்கும் என்பார்கள். அண்ணன்தான் கொள்ளி வைக்கவேண்டும். ராஜவேல் மாட்டேன் என்றுவிட்டான். அஞ்சலாட்சியம்மா மறுபடி என்னிடம் வந்தார். பலகைப் படத்தைப் பார்த்தபோது இருந்த தெம்பு இப்போது இல்லை.

"மாசக் கணக்கா ஆயிடுச்சு தம்பி. இருந்தா வந்திருப்பா. எனக்குத் தெரிஞ்சுபோச்சு. அவன் நான் சொன்னா கேக்கல, நீ சொன்னா கேப்பான். கொள்ளி வைடான்னு ஒரு வார்த்த சொல்லு."

சொல்கிறேன் என்றேன். சாயங்காலம் ராஜவேல் வந்து என் முன்னால் நின்றான். "பொம்மையக் கொளுத்தச் சொல்றாங்கண்ணா. கொளுத்தினா வரமாட்டா இல்ல?" அவன் எந்தப் பொம்மையைச் சொல்கிறான் என்று கேட்டிருக்கவேண்டும். நான் கேட்கவில்லை. கேட்காமலே எனக்குத் தெரியும். அதெல்லாம் வெறும் விளையாட்டு, நான் சொன்னதெல்லாம் புளுகு என்று சொல்ல வாயைத் திறந்தேன். "உன் மனசுக்கு எது தோணுதோ அதச் செய்" என்று வந்தது.

மனசுக்குத் தோன்றியதைத்தான் செய்தான். காரியத்தன்று கடற்கரையில் அவனுக்குப் பதில் தாய்மாமன் சின்னக்கண்ணு கொள்ளி வைத்தார். கூட்டத்தில் நானும் நின்றிருந்தேன். உருவத்தில் தீ பிடித்துக்கொண்டதும் ராஜவேல் ஓடிவந்து அதை அப்படியே அள்ளி நெஞ்சோடு அணைத்துக்கொண்டான். நெய் ஊற்றிய புல், சார். இரண்டு பேர் பிடித்து இழுத்தும் அவன் விடவில்லை. அதோடு அலைக்குள் போய் விழுந்துதான் தீயை அணைத்தான்.

ஆஸ்பத்திரியில் இரண்டு கையிலும் கட்டு. இனி விரல்கள் மடங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார். மணிக்கட்டில் இருந்த மீனும் போய்விட்டது. இந்தத் தடவை அதை எடுத்தது நான் இல்லை. என்னைப் பார்த்ததும் அவன் முகம் மலர்ந்தது.

"முழுசா எரிய வுடலண்ணா. இப்ப வருவா இல்ல?"

வருவாள் என்று சொல்லிவிட்டு நேராக இங்கே வந்தேன்.

நீங்கள் காலையிலிருந்து காரணம் கேட்கிறீர்கள். கடைக்கு ஆள் சேர்க்கவா என்றீர்கள். இல்லை, அவன் ஒருவனை வைத்துக் கடை நடக்காது. அந்தப் பெண்ணோடு ஏதாவது தொடர்பா என்றீர்கள். நோட்டீஸில்தான் நான் அவளைப் பார்த்தேன். புத்தி சரியில்லையோ என்று ஏட்டிடம் மெதுவாகக் கேட்டீர்கள், எனக்கும் காதில் விழுந்தது. உங்கள் மூன்றும் பொருந்தவில்லை. நான் சொல்வது நாலாவது. அந்தப் பையன் அழக்கூடாது என்று நினைத்தேன். இரக்கம், சார். வேறு ஒன்றுமில்லை. எழுதிக்கொள்ளுங்கள்.

நீங்கள் எழுதவில்லை. பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் அஞ்சலாட்சியம்மாவைப் பார்க்கிறீர்கள். மூலப் படத்தை அவரிடம் காட்டிவிட்டீர்கள் என்று தெரிகிறது. அவர் அழவில்லை, என்னை அடிக்கவும் இல்லை. அவரே சொல்லட்டும்.

"அம்மா, நீங்களே சொல்லுங்க. உங்க புள்ள நல்லா இருக்கணும்னுதான நான் செஞ்சேன்?"

அவர் படத்தை முந்தானைக்குள் வைத்து மூடிக்கொண்டு நிமிர்ந்து பார்க்கிறார்.

"இல்ல. என் புள்ள தெனமும் உன் வாயப் பாத்துகினு நின்னான். அந்த ருசிய உன்னால வுட முடியல. அதுக்குத்தான் என் பொண்ண அநாதப் பொணமா மண்ணுல தள்ளின."