கோஃபியும் காப்பியும்

“அம்மா ‘கோஃபி’ன்னு கத்தினாங்க. நான் காப்பி போட்டு நீட்டுறேன்!”

டெல்லி சாணக்யபுரி பஸ் நிறுத்தத்தில், எனக்கு முன்னால் நின்ற இரண்டு பெண்களில் ஒருத்தி சொன்னாள். அவளுக்குக் கானா நாட்டுக்காரர் வீட்டில் வேலையாம். அவளே தொடர்ந்தாள்:

“அது அவங்க புருஷன் பேருடி. வெள்ளிக்கிழமை பொறந்தா கோஃபியாம்.”

“ஆப்பிரிக்காக்காரங்களுக்கு அப்படியா?” என்றாள் மற்றவள்.

“அப்படி மொத்தமா சொன்னா அந்தம்மாவுக்குக் கோவம் வரும். ‘நாங்க அகான் இனம், எங்க பாஷை ட்வி’ம்பாங்க. டேப்புல அந்தப் பாஷைப் பாட்டுதான், அதுவும் தெருவுக்கே கேக்கணும்.”

“என்ன பெருமையோ! எல்லாம் ஒண்ணுதானே?”

பஸ் வந்தது. “ஏ மதராசி, ஜல்தி!” என்றான் கண்டக்டர்.

எல்லாம் ஒன்று என்றவள்தான் படியில் ஒரு காலை வைத்து அப்படியே நின்றாள்.

“மதராசி நஹி. தமிழ்! போலோ, தமிழ்!”

அவன் சொல்லும்வரை பஸ் நகரவில்லை.