நோர்வேயில் எரிந்த புள்ளி

யுத்தத்தின் கடைசி வருடங்களில் ஒருநாள் நிலாவெளி பஸ்ஸை இராணுவத்தினர் சோதனைக்கு நிறுத்தி எங்களை இறக்கினார்கள். வரிசையில் எனக்கு முன்னால் இரண்டு பெண்கள் நின்றார்கள்.

"நேற்று என்ர தம்பியைக் கண்டனான்," என்றாள் மூத்தவள்.

"அவன் நோர்வேயிலயெல்லோ அக்கா?"

"ஓம். அம்மாவின்ர செத்தவீட்டுக்கு வரேலாமப் போனதிலயிருந்து அவன் கதைக்கிறேல்லை. அம்மா படிப்பிச்ச பள்ளிக்கூடத்துக்கு ஒரு வெப்சைட் இருக்கு. அதை இப்ப எந்த நாட்டில பாக்கினம், எந்தப் பக்கத்தைப் பாக்கினம் எண்டு அதிலயிருக்கிற உலகப்படம் காட்டும். நோர்வேயில ஒரு புள்ளி எரிஞ்சது. அம்மா பிள்ளையளோட நிக்கிற பழைய படத்தைத் திறந்து வைச்சிருந்தது."

"வேற ஆருமாயும் இருக்கலாமே?"

"இருக்கலாம். எண்டாலும் அது அணையுமட்டும் நான் கதிரையை விட்டு எழும்பேல்லை."