அண்ணன் வாய் திறக்காத வாரம்

செப்டம்பர் 9, செவ்வாய்.

இன்று மாலை வகுப்பில் ஒரு சிறு தவறு செய்துவிட்டேன். டான்சிலுக்குப் பக்கத்தில் சீழ் கட்டினால் உள்நாக்கு அந்தப் பக்கமே சாயும் என்று சொன்னேன். எதிர்ப்பக்கம்தான் ஒதுங்கும். அண்ணன் வாய்க்குள் டார்ச் அடித்துப் பார்த்தவள் நான். நானே இப்படித் தடுமாறினால் எப்படி நர்ஸ் வேலைக்குப் போவது?

அண்ணன் காய்கறிச் சந்தையில் ஏலம் விடுகிறவன். அவன் குரல் பேருந்து நிறுத்தம் வரை கேட்கும். போன மாதம் அவனுடைய வாய்வுப் பிடிப்பை மாரடைப்பு என்று சொல்லி ஆம்புலன்ஸை வரவழைத்துவிட்டேன். அன்றிலிருந்து ஏலத்தோடு என் கதையையும் சேர்த்தே கூவினான். "டாக்டரம்மா, இந்தப் பூசணிக்குக் கொஞ்சம் நாடி பாரேன்" என்பான். சந்தையே சிரிக்கும். நானும் சிரிப்பேன், நன்றாகத்தான் சொல்வான்.

அதனால் இந்த முறை அவசரப்படவில்லை. முதலில் அவனுக்குத் தொண்டையில் ஒரு பக்கம் மட்டும் வலி, அதே பக்கக் காதிலும் குத்தல். அப்போதே எனக்குப் பிடிபட்டுவிட்டது. ஆனால் தப்பாகிவிட்டால் ஆயுள் முழுக்கப் பூசணிக்கு நாடி பார்க்க வேண்டும். பிறகு காய்ச்சல். பிறகு சூடான கிழங்கை வாயில் அடக்கிக்கொண்டு பேசுவது போன்ற குரல். பாடத்தில் இருந்த வரிசை பிசகாமல் வந்தது, பார்க்கவே அழகாக இருந்தது. வீடும் அமைதியாகிவிட்டது. நிம்மதியாகப் படித்தேன்.

அண்ணிதான் தவித்தார். "ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிடட்டுமா? நீ சொன்னா சரி."

"சாதாரணத் தொண்டைப் புண்தான் அண்ணி. உப்புத்தண்ணி கொப்பளிக்கட்டும்."

வாய் ஒரு விரலுக்கு மேல் திறக்கவில்லை. எச்சிலை விழுங்க முடியாமல் துண்டில் ஒழுகவிட்டான். அப்போதும் உள்நாக்கு ஒதுங்குவது ஒன்று பாக்கியிருந்தது. கரண்டிக் காம்பால் நாக்கை அழுத்தி அதையும் பார்த்த பிறகுதான் ஆட்டோவைக் கூப்பிடச் சொன்னேன். அதற்குள் மூச்சு இழுக்கும்போது சத்தம் வர ஆரம்பித்திருந்தது.

மருத்துவர் மரத்துப்போகும் மருந்தைத் தெளித்து, ஊசியால் சீழை உறிஞ்சி, மிச்சத்தைக் கீறி வடித்தார். "இன்னும் கொஞ்சம் விட்டிருந்தா மூச்சே அடைச்சிருக்கும். யாரு கண்டுபிடிச்சது?" என்று கேட்டார். அண்ணி என்னைக் காட்டினார். அண்ணன் கண்கலங்கி என் கையைப் பிடித்துக்கொண்டான். இப்போது ஏலத்தில் என் புகழைத்தான் கூவுகிறான்.

எப்போது கண்டுபிடித்தாய் என்று மட்டும் யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். எனக்குப் பொய் சொல்லும் பழக்கம் கிடையாது.

அப்பா நேற்றிலிருந்து இடது கையை நீவிக்கொண்டிருக்கிறார். படியேறினால் வியர்க்கிறது. மாரடைப்பில் ஒருமுறை சறுக்கியவள் நான். இந்த முறை பிசகக் கூடாது.

நாளை செய்ய வேண்டியது: மொட்டை மாடியில் காயும் துணிகளை அப்பாவை எடுத்துவரச் சொல்ல வேண்டும். இறங்கி வந்ததும் வலி தாடைக்கு ஏறியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.